முன்சீட்டில் இருப்பவள் தூங்கக் கூடாது

1

“இப்படித் தூங்குற கழுதை எங்கிட்டுக்கா படிச்சு முன்னுக்கு வரப்போகுது? பேசாம ஜீப்புல ஏத்தி விடு. மேக்காத்து மூஞ்சில அடிச்சாவாச்சும் முழிக்கும்.”

நான் ஒன்பதாவது படித்தபோது ராசு மாமா அம்மாவிடம் இதைச் சொன்னார். அவர் அம்மாவின் தம்பி. போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் ஒன்று அவருடையது. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதில் சட்டத்துக்கும் அவருக்கும் நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. விடிவதற்கு வெகு முன்னால் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஹாரனில் கைவைத்தார் என்றால், தூக்குவாளியும் கையுமாகக் கடைசிப் பெண் வெளியே வரும்வரை எடுக்கமாட்டார். நாய்கள் எழும். கைக்குழந்தைகள் எழும். டீக்கடை அடுப்பு எழும். நான் மட்டும் எழமாட்டேன்.

அந்தக் கழுதை இப்போது கனடாவில் உணவுத் தொழில்நுட்பத்தில் மேற்படிப்புப் படிக்கிறது. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலில் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்தபோதுதான். இதையெல்லாம் நான் அடக்கத்தோடு சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு எல்லாத் தேர்வுகளையும் நன்றாகத் தூங்கி எழுந்துதான் எழுதினேன். மதிப்பெண் பட்டியலில் எங்கேயும் ‘தூங்கி வாங்கியது’ என்று தனியாகக் குறித்துவைக்கவில்லை.

2

நான் இங்கே வந்து இரண்டு வருடம் நிறைந்த வாரத்தில் எங்கள் பல்கலைக்கழகம் ‘உறக்க வாரம்’ கொண்டாடியது. எனக்காக இல்லை, தற்செயல்தான்.

மாணவர்கள் மனநலத்தைப் பேண வேண்டும், அதற்குப் போதிய நேரம் தூங்கவேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதே மின்னஞ்சலின் இரண்டாவது பத்தியில், தேர்வுகளை முன்னிட்டு நூலகம் இனி இரவு முழுக்கத் திறந்திருக்கும் என்றும் காபிக்குச் சலுகை விலை என்றும் இருந்தது. இரண்டு பத்திகளுக்கும் கீழே ஒரே பெயர்தான். அந்த மனிதர் எப்படித் தூங்குகிறார் என்று தெரியவில்லை.

நூலகத்தின் தரைத்தளத்தில், நம் ஊர் மண்டியில் மூட்டை அடுக்குவதுபோலப் பெரிய பெரிய மெத்தைப் பொதிகளைப் போட்டு வைத்தார்கள். மாணவர்கள் அவற்றில் சரிந்து படுத்து, செல்போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் நல்வாழ்வு அலுவலர் ஒரு பெண்மணி, எல்லோருக்கும் ஒரு காகிதப் பை கொடுத்தார். கண்ணுக்குக் கட்டும் துணி, காதுக்கு அடைப்பான், ‘தூக்கத் தேநீர்’ ஒரு பொட்டலம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன், படிப்பு அப்படி. முதல் பொருள் ஏலக்காய். ஒரு தெரு முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்துப் பறிக்கிற காயை வெந்நீரில் போட்டுக் குடித்துத் தூங்கச் சொல்கிறார்கள். அதுவும் நம் காயாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குவாத்தமாலாவாம். போடிக்காரிக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை யாரும் செய்யமுடியாது. பொட்டலத்தை அன்றைக்கே அறைத்தோழியிடம் தள்ளிவிட்டேன். அவளும் குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை.

இங்கே தூங்காமல் இருப்பது ஒரு தகுதி. வகுப்புக்கு வந்ததும், “நான் நாலு மணி நேரம்தான்” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். “நான் மூன்று” என்பான் இன்னொருவன். போடியில் காயை ஏலம் கேட்பதுபோலத்தான், ஆனால் இங்கே குறைத்துக் கேட்பவர் ஜெயிக்கிறார். என் முறை வந்தபோது எட்டு மணி நேரம் என்றேன். பணக்கார வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார்கள்.

வந்த புதிதில் எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. காலையில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ‘நன்றாகத் தூங்கினாயா’ என்று கேட்டார்கள். நாம் ‘சாப்டியா’ என்று கேட்பதைப்போல அதற்கும் பதில் தேவையில்லை என்று எனக்குத் தெரியாது. எத்தனை மணிக்குப் படுத்தேன், என்ன கனவு, ஹீட்டர் எப்போது உறுமியது என்று ஒரு மாதம் விவரமாகச் சொன்னேன். கேட்டவர்கள் மெல்ல லிஃப்டைத் தவிர்த்துப் படியில் போக ஆரம்பித்தார்கள். அவர்கள் உடல்நலத்துக்கு நான் செய்த தொண்டு அது.

அவசரத் தொடர்புக்கு என்று சேரும்போது ராசு மாமாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். வீட்டில் எப்போதும் எடுக்கப்படும் போன் அது ஒன்றுதான். உறக்க வாரத்தில் பல்கலைக்கழகத்தின் கணினி தானாகவே அந்த எண்ணுக்கும் நல்வாழ்வுச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது.

“ஏத்தா, உங்க காலேசு எனக்குத் தினம் இங்கிலீசுல மெசேசு போடுது. பீசு கட்டலையா?”

“இல்ல மாமா. நல்லாத் தூங்குங்கன்னு போடுறாங்க.”

“எனக்கா?”

“ஆமா.”

“மேலயும் கீழயும் வண்டி ஓட்டுறவனுக்கு ஏன்டி இந்த யோசனையச் சொல்றாய்ங்கெ? மெட்டுலருந்து உருண்டு கெடக்கவா?”

3

அம்மா எனக்கு ஜீப்பிலிருந்துதான் பேசுவாள். அவளுக்கு விடியாத காலை, எனக்கு முதல்நாள் சாயங்காலம். நான் சோற்றுக்கு உலை வைக்கும்போது அவள் அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறிக்கொண்டிருப்பாள். சில வளைவுகளுக்கு அப்புறம் டவர் போய்விடும். எங்கள் பேச்சுக்கு முடிவுரை எல்லாம் கிடையாது, மலைதான் முடித்துவைக்கும்.

அந்த வாரத்தில் ஒருநாள் அம்மா பெருமையோடு ஆரம்பித்தாள்.

“உன் தங்கச்சி உன்னய மாதிரி இல்லத்தா. தூங்கவே மாட்டேங்குறா.”

என் தங்கை கௌசல்யா மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுதியில் இருக்கிறாள்.

“உனக்கு எப்புடிம்மா தெரியும்?”

“போன்லதேன் தெரியுதே. அவ பேருக்குக் கீழ அந்த எழுத்து இருக்குல்ல. நான் எந்திரிக்கையிலயும் இருக்கு, சோறு கட்டையிலயும் இருக்கு, ஜீப்பு ஏறையிலயும் இருக்கு. ராப்பூராம் படிக்கிறா.”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பெயருக்குக் கீழே ஒரு சொல் தெரிந்தால் பிள்ளை விழித்திருக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். ‘ஆன்லைனில்’ என்ற அந்தச் சொல்லுக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பொருள் ‘படிக்கிறது’.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பிள்ளையின் படிப்பை அளக்கும் கருவி ஜன்னல் வெளிச்சம். ஜீப்புக்குப் போகிற பெண்கள் இருட்டில் நடக்கும்போது எந்த வீட்டில் லைட் எரிகிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எரிந்தால் அந்தப் பிள்ளை தேறும். எரியாவிட்டால், பாவம், அந்தத் தாய்க்கு இன்னும் நிறைய வருடம் மலைதான். எங்கள் வீட்டு ஜன்னல் எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். அம்மா அந்த நடையில் தலை குனிந்து போனதாக மாமா சொல்லியிருக்கிறார். இப்போது பிள்ளைகள் எல்லாம் விடுதியில். ஜன்னல் போனுக்குள் வந்துவிட்டது.

“இந்தா, பாண்டியம்மாவோட மகனும் இருக்கான்,” என்றாள் அம்மா. பின்னால் பாண்டியம்மாள் அத்தையின் குரல் கேட்டது: “எம்மவன் நேத்துலருந்தே இருக்கான்.” இன்னொருத்தி, “எம்மகளக் காணமே, தூங்கிட்டாளா சிறுக்கி?” என்று கவலைப்பட்டாள். இருட்டில் ஒரு ஜீப் நிறையப் பெண்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்து, விழித்திருக்கும் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு மலை ஏறினார்கள்.

“நம்ம தெருவுலருந்து பூராப் பேரும் கலெக்டராத்தேன் வருவாய்ங்கெ,” என்று மாமா ஸ்டியரிங்கைத் தட்டினார். “உன்னத் தவிர.”

வளைவு வந்தது. டவர் போனது. இங்கே உலை பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

4

நான் இரண்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடிய விடிய ஆன்லைனில் இருக்கும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். படிப்பதைத் தவிர எல்லாம் செய்கிறார்கள். கௌசியிடமிருந்து எனக்கு வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன. பூனை வழுக்கி விழுவது, யாரோ தோசை ஊற்றுவது. என் மதியம் அவளுடைய நடு இரவு. ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நானும் சிரிக்கும் முகத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவளை வீடியோவில் கூப்பிட்டேன். கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல இருந்தது. நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள், கனடாவுக்கு வரும் தபாலைப்போல.

“சாப்டியாடி?”

“மெஸ்ஸு வரைக்கும் போகணும்ல.”

“ராத்திரி என்ன படிக்கிற?”

“படிக்கலக்கா. ஒரு பக்கத்த எடுத்தா முத வரியவே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மண்டைக்குள்ள ஏற மாட்டேங்குது.”

“அப்ப படுத்துத் தூங்க வேண்டியதுதான?”

“படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. தூங்கிட்டா யாரு பாத்துக்கிறது?”

“எதப் பாத்துக்கிறது?”

“எல்லாத்தையுந்தேன்.”

எல்லாம் என்றால் என்ன என்று அவளால் சொல்லமுடியவில்லை. உள்மதிப்பெண், இரண்டு அரியர், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனி, அடுத்து நீதான் கனடா என்று தெருவே சொல்வது என எல்லாவற்றையும் அவள் கண்ணை மூடினால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோலக் காவல் காத்தாள்.

“படிக்கவும் இல்ல, தூங்கவும் இல்ல. பின்ன எதுக்குடி ஆன்லைன்ல இருக்க?”

கௌசி கீழே பார்த்தாள்.

“அம்மா எந்திரிச்சதும் பாக்கும்ல. நான் இல்லன்னா அதுக்கு மூஞ்சி விழுந்துரும். ஜீப்புல எல்லார்ட்டயும் காட்டுது.”

எனக்கு வழக்கமாக வாயில் நிற்கும் கிண்டல் எதுவும் அப்போது வரவில்லை. அவள் சும்மா சொல்வதுபோல இன்னொன்றையும் சொன்னாள்: “சில நேரம் மொட்ட மாடில போயி நிக்கிறேன். காத்துக்கு.”

இங்கே ஒரு பயிற்சி வகுப்பில், சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடச் சொன்னார்கள். அந்த வகுப்பையும் நான் அப்போது நக்கல் அடித்திருக்கிறேன். ஆனால் கேட்டேன்.

“செத்துப் போகணும்னு தோணுதா கௌசி?”

“அப்புடித் தோணலக்கா. முழிச்சுக்கிட்டே இருந்தது போதும்னுதேன் தோணுது.”

அவளுடைய அறைத்தோழியைப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னேன். அந்தப் பெண் வந்து, சீப்பை எடுத்து அவள் தலையை வாரிக்கொண்டே, “நான் இருக்கேன்க்கா” என்றாள். மாடிக் கதவைப் பூட்டச் சொல்ல விடுதிக் காப்பாளருக்குப் போன் செய்தேன். அவர், மாடிக்குப் போவது விதிப்படி தடைசெய்யப்பட்டிருப்பதால் யாரும் போவதில்லை என்று விளக்கினார். பூட்டு இருக்கிறதா என்று கேட்டேன். விதி இருக்கிறது என்றார். மூன்றாவது முறை கேட்டபோது பூட்டு கிடைத்தது.

5

கௌசியின் கல்லூரியில் ஆலோசனை மையம் என்று ஒரு அறை இருக்கிறதாம். சாவி விளையாட்டு ஆசிரியரிடம். அறைக்குள் வாலிபால் வலை. போன மாதம் மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை கொடுக்க ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் இரண்டு மணி நேரம், தூங்குகிறவன் தோற்பான் என்று பேசினாராம். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் அந்த இரண்டு மணி நேரத்தில் நல்ல தூக்கம் கிடைத்தது என்று கௌசியின் அறைத்தோழி சொன்னாள்.

நம் ஊர் அப்படித்தான், இங்கே கேட்டுப் பார்ப்போம் என்று நல்வாழ்வு அலுவலரிடம் போனேன். அவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். இரக்கத்தில் குறை சொல்லமுடியாது. இங்கே அது நல்ல தரத்தில் கிடைக்கும். ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த மாணவர்களுக்கு மட்டும்தான் ஆலோசனையாம். சரி, எனக்கே வேண்டும் என்றேன். முதலில் இணையத்தில் உறக்கப் பாடத்தை முடிக்க வேண்டும், அப்புறம் காலியிடம் பார்க்க வேண்டும், முதல் காலியிடம் தேர்வுகள் முடிந்த பிறகுதான் என்றார். தேர்வு பயத்தில் தூங்காதவர்கள் தேர்வு முடியும்வரை பொறுத்திருந்தால் தாங்களாகவே சரியாகிவிடுவார்கள். சிக்கனமான திட்டம்.

ஆக, வாலிபால் வலைக்கும் உறக்கப் பாடத்துக்கும் நடுவில் என் தங்கை இருந்தாள்.

6

கல்லூரி விடுமுறைகளில் நானும் அம்மாவோடு காய் எடுக்கப் போயிருக்கிறேன். மாமாவின் ஜீப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டிரைவருக்குப் பக்கத்தில், முன்சீட்டில் இருப்பவள் தூங்கக் கூடாது. மலை ஏறி முடிக்கும்வரை அவள் மாமாவிடம் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். முதல்நாள் சீரியல், மருமகள் பேச்சு, கங்காணியின் அநியாயம், எதுவாக இருந்தாலும் சரி. தினம் ஒருத்தி முறை. மற்றவர்கள் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். அத்தனை வளைவிலும் ஒரே கொத்தாக இடப்பக்கம் சாய்வார்கள், ஒரே கொத்தாக வலப்பக்கம் சாய்வார்கள், கண்ணைத் திறக்கமாட்டார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த மாதிரித் தூக்கத்தைக் கனடாவில் எந்த மெத்தைக் கடையிலும் விற்பதில்லை.

என் முறை வந்த அன்று மாமா பயந்தே போனார்.

“அக்கா, இவளயா முன்னாடி ஒக்கார வைக்கிற? இவ தூங்குனா நானும் தூங்கிருவேன். நான் தூங்குனா ஜீப்பே ஒண்ணாத் தூங்கிரும். அப்பறம் எழுப்ப ஆள் வராது.”

நான் அன்று தூங்கவில்லை. மாமாவுக்குத் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதில் ஆரம்பித்து, உயரம் கூடினால் ஏன் சீக்கிரம் கொதிக்கும் என்பதுவரை பாடம் நடத்தினேன். மெட்டில் இறங்கியதும், “நாளைக்கு வேற ஆளப் போடுங்க, இதுக்குத் தூங்கிச் செத்தாக்கூடப் பரவால்ல” என்றார்.

பெண்கள் களைப்பால்தான் அப்படித் தூங்குகிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கௌசி ‘யாரு பாத்துக்கிறது’ என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. களைப்பு அவளுக்கும் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இவர்கள் தூங்குவது முன்சீட்டில் ஒருத்தி விழித்திருக்கிறாள் என்பதால். அவளோ தன் ஜீப்பில் தானே டிரைவர், தானே முன்சீட்டு, தானே லோடு.

7

நல்வாழ்வு அலுவலரைப் பார்த்த அன்று சாயங்காலம் அம்மாவின் அழைப்புக்குக் காத்திருக்காமல் நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். கௌசி சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன், மொட்டை மாடி உட்பட. மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றேன். மதுரையில் அரசு ஆஸ்பத்திரியில் காலையில் போனால் பார்ப்பார்கள்.

 

“தூங்காம இருக்குறது ஒரு சீக்காத்தா?” என்றாள் அம்மா. “அப்ப நாங்கள்லாம் என்னாவாம்?”

“நீ ஜீப்புல தூங்குறம்மா. அவ எங்கயுமே தூங்கல.”

“பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரு,” என்றார் மாமா. “நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னு பொண்ணு கேட்டு வர்றவய்ங்கெ என்னா சொல்லுவாய்ங்கெ? கருப்பசாமிக்கு ஒரு சூடத்தக் கொளுத்திட்டு வெரசா முடிப்பியா.”

“சூடமும் கொளுத்துங்க, டாக்டருட்டயும் போங்க. மாமா, ஒண்ணு கேக்குறேன். முன்சீட்டுல ஆள் இல்லாம மேல போவீங்களா?”

“அது எப்புடிப் போறது?”

“அவ அப்புடித்தேன் போய்க்கிட்டிருக்கா. பின்னாடி நீங்க எல்லாரும் போனத் தூக்கிப் பிடிச்சு, இன்னும் முழிச்சிருக்கா பாருன்னு கைதட்டுறீங்க.”

  வளைவு வந்து டவர் போனது. மலை எப்போதும் எனக்குச் சாதகமான இடத்தில் முடிக்காது. அன்றைக்கு முடித்தது.

அம்மா திரும்பக் கூப்பிட்டபோது எனக்கு இன்னும் இருட்டவில்லை. மெட்டில் கேரளா டவரைப் பிடித்திருந்தாள். பின்னால் பெண்களின் சத்தம்.

“இவளுகள எறக்கி விட்டுட்டு அப்புடியே திரும்புறோம்த்தா. நான் தோட்டத்துக்குப் போகல. உன் மாமந்தேன் சொல்றான், ஜீப்பு மதுர ரோட்டுல ஓட மாட்டேன்னா சொல்லுதுன்னு.”

8

டாக்டர் ஒரு இளம்பெண், என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருக்கலாம். கௌசியிடம் தனியாக நெடுநேரம் பேசினாராம். மாத்திரை எழுதிக் கொடுத்து, சில வாரங்கள் வீட்டில் இருக்கட்டும், கூப்பிட்ட நாளில் மறுபடி வரவேண்டும் என்றாராம். பைத்தியம் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதை மாமா எனக்கு இருமுறை சொன்னார். அம்மாவிடம், நீங்கள் எவ்வளவு நேரம் தூங்குவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

“என்னாம்மா சொன்ன?”

“ஏறையில கொஞ்சம், எறங்கையில கொஞ்சம்னேன். அந்தப் புள்ள எழுதாம என்னயவே பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

கௌசி இப்போது போடியில், எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஒரேயடியாகச் சரியாகிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சில நாள் தூங்குகிறாள், சில நாள் இல்லை. மாத்திரை வாயை உலரவைக்கிறது என்கிறாள். அரியர் அப்படியேதான் இருக்கிறது. அது எங்கேயும் ஓடிவிடவில்லை, யாரும் அதைத் திருடவும் வரவில்லை. தெருவில் ஒருத்தி, “கனடாக்காரி தங்கச்சிக்கு என்னமோ ஆகிருச்சாம்ல” என்று கேட்டதற்கு அம்மா, “ஆமா, தூக்கம் வந்துருச்சு” என்று சொன்னாளாம். இந்த வாயைத்தான் நான் சீதனமாகக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஊரில் என்னென்ன மாறியது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. மாமாவின் ஜீப் எங்கள் தெருமுனையில் இப்போது ஹாரன் அடிப்பதில்லை. அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அவர் ஒருநாள் இருட்டில் தெருமுனைக்குப் போய் நின்று, “மாப்ளே, புள்ள தூங்குது” என்று மட்டும் சொன்னாராம். அதன் பலனாக முதல் வாரத்தில் இரண்டு பெண்கள் ஜீப்பைத் தவறவிட்டார்கள். என்னைச் சபித்திருப்பார்கள். இப்போது மாமா இறங்கி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார். தூங்குகிற கழுதையைத் திட்டியவர், இன்னொரு கழுதை தூங்கட்டும் என்று கால்நடையாக அலைகிறார். இதை அவரிடம் சொன்னேன். “படிச்ச திமிரு” என்றார்.

ஜீப்புக்குள்ளும் ஒன்று நடக்கிறதாம். பாண்டியம்மாள் அத்தை விடியுமுன் மகன் பெயருக்குக் கீழே அந்த எழுத்தைப் பார்த்தால், உடனே போன் போட்டு, “ஏண்டா இன்னும் முழிச்சிருக்க, படுறா நாயே” என்கிறாள். மனநல ஆலோசனையில் இது எந்த வகையில் சேரும் என்று தெரியவில்லை. பையன் படுத்துவிடுகிறான் என்பது மட்டும் செய்தி.

இதை நான் நூலகத்தில், உறக்க வாரம் முடிந்தும் யாரும் எடுத்துப்போகாத மெத்தைப் பொதி ஒன்றில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பட்டப்பகல். போடியில் ஊர் அடங்கிவிட்டது. என் போன் மடியில் கிடக்கிறது, அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் போன் கௌசியின் தலையணைக்குப் பக்கத்தில். நாங்கள் பேசுவதில்லை. நான் விழித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தைப் பற்றிப் புலம்பாத புலம்பெயர்ந்தவர் கிடையாது. நான் அதை ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் நல்வாழ்வு அலுவலர் வந்து, நூலகத்தில் போன் பேசக்கூடாது என்றார். பேசவில்லை, கேளுங்கள் என்று அவர் காதில் வைத்தேன். எங்கள் வீட்டு மின்விசிறியின் கரகரப்பும், அதற்கு மேல் ஒரு குறட்டையும். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். விதியை மறுபடி சொல்லவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மாமாவின் ஜீப்பை நேற்றே பேசிவிட்டேன். வாடகை வண்டியாக, வேறு லோடு ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. மாமா முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். முன்சீட்டு அம்மாவுக்கு. பின்சீட்டு முழுக்கக் கௌசிக்கு, மதுரைவரை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போக.